பூனைக்குடல்

தென்காசி,
9-1-1963

அண்ணனுக்கு,

குழல்வாய்மொழி எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைக்க வேண்டாம். இடது கை. கோடு போட்ட தாளில்கூட வரி மலையேறுகிறது. அதனால் நலம் விசாரிப்பதையெல்லாம் விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மதராஸில் நீங்கள் மாவுக்கட்டைப் பிரித்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் கை இருக்கிறது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் என்னோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வேறு யாரோ ஒருவருடைய சாமான்கள். அதைப் பற்றி நான் அழவில்லை. நாளாகும் என்று நீங்கள் சொன்னதை நம்பியிருக்கிறேன்.

அழ வைத்தது வல்லிநாயகம் மாமா. அப்பாவின் சிநேகிதர், வக்கீல் குமாஸ்தா, இங்கிலீஷ் தெரிந்தவர் என்று மதராஸுக்குத் துணையாகக் கூட்டி வந்தாரே அப்பா, அவர்தான். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரும் நீங்களும் என் கட்டிலருகே நின்று ‘கேட்கட்’ என்று ஏதோ பேசியதைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார். ஊர் வந்து இறங்கியதும் பஸ் ஸ்டாண்டிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“கேட்டுன்னா பூனை. கட்டுன்னா குடல். பிள்ளை கைக்குள்ள பூனைக்குடல வச்சுத் தச்சிருக்கானுவ! பெத்த மகனே இந்த வேலையப் பார்க்கான்னா காலம் எங்கன போய் நிக்குது பாருங்க.”

நம் தெருவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? வெங்காயத்தைக்கூடப் பிறர் கண்ணில் படாமல் உரிக்கிற சைவத் தெரு. நான் போனால் பிள்ளைகள் “மியாவ்” என்கிறார்கள். அம்மா என்னை அடுப்படிக்குள் விடுவதில்லை. எனக்குத் தட்டு தனி. அப்பா என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. இப்போது அவருக்குப் பார்க்க அம்மா மட்டும்தான் மிச்சம்.

பூனை என்பது நிஜமா? ஒரே வரியில் பதில் போட்டால் போதும்.

குழல்வாய்மொழி


மதராஸ்,
14-1-1963

குழலி,

வல்லிநாயகம் மாமாவிடம் சொல்: பூனை இல்லை. ஆடு.

‘கேட்கட்’ என்ற அந்தப் பெயர் ஏன் வந்ததென்று இங்கே யாருக்கும் தெரியாது. தைக்கிற நூல் ஆட்டுக்குடலில் செய்வது. உலகம் முழுவதும் ஆஸ்பத்திரிகளில் வயிற்றுக்குள் தைப்பது இந்த நூலால்தான். பெரிய சைவர்களின் வயிற்றையும் சேர்த்து. உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும், பிரிக்க வேண்டியதில்லை.

உன் கையில் நூலோடு இன்னொன்றும் இருக்கிறது. அதைச் செய்தது நான்.

போன குற்றால சீசனில் அப்பாவின் சோடாக் கம்பெனியில் பாட்டில் வெடித்து உன் முழங்கைக்குக் கீழே கண்ணாடி இறங்கியது. அங்கே ஒரு டாக்டர் புண்ணியவான் தோலை மட்டும் அழகாகத் தைத்து அனுப்பினார். உள்ளே நரம்பு அறுந்ததைப் பார்க்கவில்லை. அறுந்த இரண்டு முனைகளும் சுருங்கி, முண்டு கட்டி, ஒன்றை ஒன்று காணாமல் கிடந்தன. நாங்கள் முண்டை நறுக்கி முனைகளைச் சேர்த்துத் தைத்தோம். அது போதாது. மேல் முனையிலிருந்து புதுத் துளிர்கள் கிளம்பும். சுற்றியுள்ள தழும்புச் சதை உள்ளே புகுந்தால் அவை வழி தப்பிப்போகும். அதனால் தைத்த இடத்தைச் சுற்றி ஒரு சின்னக் குழாய் போட வேண்டும். வெளிநாட்டில் உலோகத் தகட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். அது கரையாது. கடைசியில் நரம்பையே நெரித்துவிடுகிறது.

கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறோம். வேலை முடிந்ததும் அவிழ்க்கிறோம். உடம்புக்குள் போய் யார் அவிழ்ப்பது? தானே அவிழ்ந்துபோகிற சாரம் வேண்டும். ஆட்டுக்குடலின் உள்சவ்வைச் சுத்தம் செய்து, குரோமிய உப்பில் ஊறவைத்து, கண்ணாடிக் குச்சியில் சுருட்டிக் காயவைத்தேன். உப்பு கூடினால் கரையவே கரையாது, குறைந்தால் ஒரு வாரத்தில் காணாமல் போகும். பக்குவம் கிடைக்க இரண்டு வருடம் ஆனது. நாய்களில் போட்டுப் பார்த்தோம். நாய்கள் ஓடுகின்றன. மனிதக் கையில் இதுதான் முதல் தடவை. பெரிய டாக்டர் என் முதுகில் தட்டினார். என் தங்கச்சி கை என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

நாலு மாதத்தில் கரைந்துவிடும். தெருவும் அதற்குள் வேறு கதை தேடிக்கொள்ளும்.

முத்துக்குமாரசாமி


தென்காசி,
20-1-1963

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். “மனிதக் கையில் இதுதான் முதல் தடவை.” பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாயே, அப்போது சொல்வதற்கு என்ன? “உள்ளே ஒரு உறை போடுவோம், பயப்படாதே” என்றாய். ஆடு என்று சொல்லவில்லை. நாய்களுக்கு அடுத்து நான்தான் என்று சொல்லவில்லை. என் கை, அண்ணா. சொல்லியிருந்தால் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த “சரி”யை என் வாயிலிருந்து வாங்க உனக்குப் பொறுமை இல்லை.

கம்பெனியில் பாட்டில் நிரப்புகிற மெஷினுக்கு இரும்பு வலைக் கூண்டு போடுங்கள் என்று வேலையாட்களோடு வாசலில் நின்று சத்தம் போட்டாய். அப்பா உன்னை வெளியே துரத்தினார். “எனக்குத் தெரியும் எது நல்லதுன்னு” என்றார். கூண்டு போடவில்லை. அவருக்குச் சோறு கொண்டுபோன என் கையில் பாட்டில் வெடித்தது. இப்போது நீ சொல்கிறாய், உனக்குத் தெரியும் எது நல்லதென்று. அப்பாவுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அவர் வேட்டி கட்டுகிறார், நீ கால்சட்டை போடுகிறாய்.

எழுதிக்கொண்டு வரும்போதே “நீங்கள்” போய் “நீ” வந்துவிட்டது. அடித்துத் திருத்தமாட்டேன். இடது கையால் ஒரு எழுத்தைத் திருத்துவதற்குள் கோபம் ஆறிவிடும். ஆற வேண்டாம்.

இன்னொன்று. நேற்று பால் செம்பை இறக்கினேன். தோல் கருகிய வாடை வந்து குனிந்து பார்த்தால் சுட்டுவிரலில் கொப்புளம். வலிக்கவே இல்லை. வலிக்காததை நினைத்துத்தான் அழுதேன். ஜப்பார் சார் தட்டச்சு இன்ஸ்டிட்யூட்டில் என் மெஷினுக்குத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாராம். ஹையர் தேர்வில் தேறினால்தான் சர்க்கார் வேலைக்கு மனுப் போட முடியும். தட்டச்சில் கண் தாளில் இருக்கும், விரல்தான் எழுத்தைப் பார்க்கும். என் விரல்களோ தீயையே பார்க்கவில்லை.

அப்பா, உள்ளே இருப்பதை எடுத்துவிட ஒரு டாக்டரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

குழல்வாய்மொழி


மதராஸ்,
2-2-1963

குழலி,

முதலில் நீளமாக ஒரு பதில் எழுதினேன். பயந்த நோயாளிக்கு எல்லாவற்றையும் சொல்லக் கூடாது, ஆஸ்பத்திரி வழக்கம் அப்படி, இப்படி என்று. எழுதி முடித்து வாசித்தால் அப்பா பேசுகிற மாதிரியே இருந்தது. கிழித்துவிட்டேன்.

நான் கேட்டிருக்க வேண்டும். நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். உன் கைக்காக மட்டும் பயப்படவில்லை. என் குழாய்க்காகவும் பயந்தேன். இதற்கு மேல் இதை அழகுபடுத்த எனக்குத் தெரியவில்லை.

“நீ”யை மாற்றாதே. காதுக்கு நன்றாக இருக்கிறது.

இப்போது கேட்டுக்கொண்டு சொல்கிறேன், செய்வதும் விடுவதும் உன் விருப்பம். கையை இப்போது திறந்தால் குழாய் மட்டும் வராது. தளிர்விட்ட நரம்பும் பிய்ந்து வரும். அதன் பிறகு என்னாலும் எதுவும் செய்ய முடியாது. உள்ளே வேலை நடக்கிறதா என்று நீயே பார்க்கலாம். தழும்புக்குக் கீழே விரல் நுனியால் தட்டிக்கொண்டே வா. தட்டுகிற இடத்தில் அல்ல, செத்த விரலில் எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தால் நரம்பின் முனை அந்த இடம்வரை வந்துவிட்டது என்று அர்த்தம். மாதத்துக்கு ஓர் அங்குலம் நகரும். நகராமலும் போகலாம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுடு பாத்திரத்தை இடது கையால் எடு.

முத்துக்குமாரசாமி


தென்காசி,
11-4-1963

அண்ணா,

போன வாரம் அப்பா “திருநெல்வேலிக்குப் போவோம், நெல்லையப்பரைக் கும்பிட்டு வருவோம்” என்றார். கோயிலுக்குப் போக வல்லிநாயகம் மாமா ஏன் பழைய மருந்துச் சீட்டையெல்லாம் பையில் வைக்கிறார்? அம்மா ஏன் என் தலையைத் தடவி அழுகிறாள்? புரிந்துவிட்டது. இருந்தாலும் பஸ் ஏறினேன். வீட்டில் வைத்து முடியாது என்றால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

பாவூர்சத்திரம் தாண்டுவதற்குள் அப்பாவும் மாமாவும் தூங்கிவிட்டார்கள். அப்பா தலை என் தோளில். தள்ளி வைத்தால் விழித்துக்கொள்வார். ஆலங்குளத்தில் பஸ் நின்றதும் ஒரு அம்மா வெங்காய மூட்டையோடு ஏறினாள். “ஆச்சி, மூட்டைய இங்கன வைங்க” என்று என் இடத்தில் வைக்கச் சொல்லி, அப்பா தலையை மெதுவாக மூட்டை மேல் சாய்த்துவிட்டு இறங்கினேன்.

கண்டக்டர் கேட்டான், “என்னம்மா, டிக்கெட் திருநெல்வேலிக்குல்லா?”

“கோயிலுக்குப் போறது அவங்க. எனக்கு வேண்டுதல் இல்ல” என்றேன்.

எதிரே வந்த பஸ்ஸில் ஏறி ஊருக்கு வந்தேன். அப்பா சீதபற்பநல்லூரில் கண் விழித்தாராம். மகள் இருந்த இடத்தில் வெங்காயம். சைவப் பிள்ளை வெங்காய மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூங்கினார் என்று பஸ்ஸே சிரித்ததாம்.

வீட்டுக்கு வந்து பெரிய சத்தம். நான் ஒன்றே ஒன்று சொன்னேன். “கையைத் தொறக்கணும்னா முதல்ல என்கிட்ட கேளுங்க. கேட்டா மாட்டேன்னுதான் சொல்லுவேன்.” அப்பா கையை ஓங்கினார். என் இந்தக் கையைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார்.

கடைசியாக வைத்திருக்கிறேன், நல்ல சேதி. தட்டிப் பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. இரண்டு நாள், ஒரு வாரம், ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள் சுட்டுவிரலில் கட்டெறும்பு ஓடியது. நிஜமாகவே எறும்பு என்று விரலை உதறினேன். அந்த இடத்தில் ஒரு சாந்துப்பொட்டு வைத்தேன். அழிந்ததும் மறுபடி வைக்கிறேன். பத்து நாளைக்கு முன்னால் வைத்ததுக்கும் இன்றைக்கு வைத்ததுக்கும் நடுவே விரல் நுழைகிறது. கையில் பொட்டு வரிசையைப் பார்த்த அம்மா ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து, என்ன சாமி என்று கேட்டாள். ஆட்டுச் சாமி என்றேன்.

குழலி


மதராஸ்,
16-4-1963

குழலி,

உன் கடிதத்தை வார்டு வராந்தாவில் நின்று வாசித்தேன். எறும்பு வரியில் கத்திவிட்டேன். நர்ஸ் வந்து திட்டினாள். பெரிய டாக்டரிடம் காட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும். “ஆட்டுச் சாமி” என்பதை உரக்க வாசித்துவிட்டு மேஜையைத் தட்டினார்.

இந்நேரம் குழாய் கரைந்திருக்கும். நாய்களில் இந்தக் கணக்குத்தான். அப்பாவிடம் சொல், உள்ளே எடுக்க ஒன்றும் இல்லை. சாரம் அவிழ்ந்துவிட்டது. இனி நிற்பது உன் சொந்தக் கட்டடம்.

முத்துக்குமாரசாமி


தென்காசி,
3-8-1963

அண்ணா,

கரைந்துவிட்டது என்று சொன்னால் தீட்டுப் போய்விடும் என்று நினைத்தாய். உனக்கு உடம்பு தெரியும், வல்லிநாயகம் மாமாவைத் தெரியாது.

“கரைஞ்சு எங்கன போச்சு? ஆகாசத்துக்கா போச்சு? ரத்தத்திலதானே போச்சு! முன்ன கை மட்டும்தான் ஆடு. இப்ப உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரைக்கும் ஆடுல்லா!”

கோர்ட்டில் இவர் எழுதிக்கொடுக்கும் பிராதுக்கு எதிராளி தோற்காமல் என்ன செய்வான்? குற்றாலத்தில் அருவியில் குளிப்பாட்டிப் பரிகாரம் செய்யலாமா என்று அப்பா ஒரு அய்யரைக் கேட்டார். “மேல பட்டதுன்னா கழுவலாம். உள்ள இருக்கறதுக்கு எப்படித் தண்ணி ஊத்தறது?” என்று அவர் கையை விரித்துவிட்டார்.

வாசுதேவநல்லூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். விபத்துக்கு முன்னால் பேசி, விபத்துக்குப் பின் சத்தமில்லாமல் ஒதுங்கிப் போனவர்கள்தான். விரல் மடங்குகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாள் என் கையைத் தூக்கி, திருப்பி, விரல்களை நீவிப் பார்த்தாள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது இதைவிட மரியாதையாக இருக்கும். “எங்க வீட்ல பத்துப் பேருக்கு இட்லி அவிக்கணும். மாவாட்ட வருமா?” என்றாள். “தெரியல அத்தை. ‘மே’ன்னு கத்த வரும்” என்றேன். காபி குடிக்காமல் எழுந்து போனார்கள். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. எனக்கு இரண்டு நாள் திருவிழா.

சிரித்தது போதும். சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன்.

பொட்டு உள்ளங்கையைத் தொட்டுவிட்டது. அதிலிருந்து நான் எல்லோருடைய கைகளையும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். சீசன் நேரம், கம்பெனிக்கு வெளியே வண்டியில் பாட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நல்லக்கண்ணு சுண்டுவிரல் மடங்காமல் நாலு விரலால் தூக்குகிறார். இன்னொருவர் பீடியை விரல் சுடும்வரை பிடித்துக்கொண்டே இருக்கிறார், சுடுவது தெரியவில்லை. என் கொப்புளம் மாதிரியே அவர் கையில் பழைய வடுக்கள். வேல்சாமிக்குப் போன மாதம் பாட்டில் வெடித்தது. என் வெட்டு இருந்த அதே இடம். அதே மாதிரி மேல்தோலைத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். இடது கையால் வேலை செய்கிறார். வயது முப்பதுகூட இருக்காது.

இத்தனை வருடம் நான் அந்த வாசலில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு கையைக்கூடப் பார்த்ததில்லை. முதல் குழாய் ஏன் எனக்கு வந்தது? நான் உன் தங்கச்சி. முதலாளி மகள். அவர்களில் யாருக்காவது மதராஸில் பெரிய டாக்டர் இருப்பது தெரியுமா? சோடா குடித்து ஏப்பம் விடுகிறவர்களுக்கு இந்தக் கைகளைத் தெரியுமா? பதில் சொல்.

குழலி


மதராஸ்,
12-8-1963

குழலி,

நீ சொன்னதுதான் பதில். வாசலில் நின்று கூண்டு கேட்டபோது நான் பெரிய புரட்சிக்காரன் என்று எனக்கே நினைப்பு. அதே ஆட்களின் கையை ஒரு நாள் பிடித்துப் பார்த்தேனா என்றால் இல்லை. கோஷம் போட்டேன், ரயிலேறினேன்.

உள்ளதைச் சொல்கிறேன். நல்லக்கண்ணுவின் விரல் போன்ற பழைய வெட்டுக்கு எங்களிடம் வைத்தியம் இல்லை. வருடக்கணக்கில் நரம்பில்லாமல் கிடந்த சதை காய்ந்துவிடும். வேல்சாமிக்கு நேரம் இருக்கிறது. ஆனால் அதிக நேரம் இல்லை. பெரிய டாக்டர், உன் விரல் நுனியில் உணர்ச்சி வந்த பிறகுதான் அடுத்த ஆளுக்குப் போடுவேன் என்கிறார். அவர் சொல்வதும் நியாயம். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

ஆக இப்போது உன் விரலுக்காக இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் இங்கே, அங்கே ஒருவர். அவசரப்படுத்த முடியாத ஒன்றை அவசரப்படுத்துகிறேன் என்று தெரியும்.

முத்துக்குமாரசாமி


தென்காசி,
19-1-1964

அண்ணா,

உட்கார்ந்து வாசி. நின்றுகொண்டு வாசித்தால் மறுபடி நர்ஸ் திட்டுவாள்.

பொங்கலுக்கு மறுநாள் கம்பெனியில் கணக்கெழுதுகிறவர் வரவில்லை. அப்பா வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டனுப்பினார். என்னிடம் நேராகப் பேசவில்லை. “அது வந்தா அந்த மூலையில உக்காரட்டும்” என்று சுவரிடம் சொன்னார். உட்கார்ந்தேன். வேல்சாமி உடைந்த பாட்டில் துண்டுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார், இடது கையால். ஒரு துண்டு என் பக்கம் உருண்டு வந்தது. யோசிக்காமல் வலது கையால் எடுத்தேன்.

குத்தியது.

அண்ணா, குத்தியது! சுட்டுவிரல் நுனியில், ஊசி இறங்கின மாதிரி. “அய்யோ, குத்திட்டு!” என்று கத்தினேன். ஒரு துளி ரத்தம் வந்தது. ஒன்றரை வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த வலி அது.

சோடாக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டே, உனக்கு நினைவிருக்கும். யாருக்குக் கண்ணாடி குத்தினாலும் பக்கத்தில் இருப்பவர் விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்புவார். தூள் உள்ளே தங்கக் கூடாது. அங்கே அதற்குச் சாதி கிடையாது, முதலாளி கிடையாது, யோசிக்க நேரம் கிடையாது. முப்பது வருடப் பழக்கம் அப்பாவுக்கு. நான் கத்தின சத்தம் அடங்குவதற்குள் பாய்ந்து வந்து என் விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினார். மறுபடி உறிஞ்சினார், துப்பினார். மூன்றாவது தடவை உறிஞ்சும்போதுதான் யார் விரல், என்ன விரல் என்று நினைவு வந்தது.

அப்படியே நின்றார். விரல் வாயில் இருக்கிறது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

வேல்சாமிதான் பேசினார். “மொதலாளி, ஆட்டு ரத்தம் எப்படி இருக்கு?”

அவ்வளவுதான், வேலை போச்சு என்று நினைத்தேன். அப்பா விரலை வாயிலிருந்து எடுத்தார். மேல்துண்டால் துடைத்தார், தன் வாயை அல்ல, என் விரலை. பிறகு அந்த விரல் நுனியை நகத்தால் லேசாகக் கிள்ளினார்.

“வலிக்கா?”

“வலிக்குப்பா.”

“இங்கன?”

“அங்கனயும் வலிக்கு.”

“நல்லா வலிக்கா, ஏட்டி?”

“நல்லா வலிக்குப்பா” என்றேன். அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு பாட்டில் அடுக்குக்குப் பின்னால் போனார். அங்கிருந்தே சத்தம் போட்டார்: “ஏலே வேல்சாமி, என்ன பார்த்துட்டு நிக்க? ஆட்டு ரத்தம் உப்புக் கரிக்குது, போதுமா? வேலையப் பாருலே!”

கம்பெனி முழுக்கச் சிரிப்பு. சாயங்காலம் வீட்டில் அப்பா இலைக்குப் பக்கத்தில் எனக்கும் இலை போட்டிருந்தது. அம்மா என் தனித் தட்டில் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டாள். வல்லிநாயகம் மாமா விஷயம் கேள்விப்பட்டு வந்தார், “அப்படின்னா இப்ப அண்ணாச்சிக்கும்…” என்று ஆரம்பித்தார். “ஆமா வே, நானும் ஆடுதான். முட்டிருவேன், போயிரும்” என்றார் அப்பா.

நான் வேல்சாமியோடு பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டுக்குடல் என்று சொன்னேன். இரண்டாவது ஆள் அவர்தான் என்று சொன்னேன். எனக்குப் பலித்தது அவருக்குப் பலிக்காமல் போகலாம், வெட்டுப்பட்டு இத்தனை மாதமாகிவிட்டது என்றும் சொன்னேன். நன்றாகக் கேட்டுவிட்டு, “தங்கச்சி, குடல்னா நமக்கு ஆகாததா? டாக்டர்ட்ட சொல்லி ரெண்டு சுத்து சேர்த்துச் சுத்தச் சொல்லுங்க” என்றார். பிறகு சிரிக்காமல், “போகாம இருந்தா ஒண்ணும் வராது. போனா வரலாம்லா? போறேன்” என்றார்.

அந்த “போறேன்” அவர் வாயிலிருந்து வந்தது. எழுதி வைத்துக்கொள்.

குழலி


மதராஸ்,
8-3-1964

குழலி,

வேல்சாமிக்கு ஆபரேஷன் முடிந்தது. நன்றாக இருக்கிறார்.

நீ சொல்லி அனுப்பியிருந்தாலும் முந்தின நாள் நானும் அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். குழாயைக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “வெங்காயச் சருகு மாதிரில்லா இருக்கு. இதுக்கா உங்க தெருவே ஆடிச்சு?” என்றார். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். “பயம் இல்லாம என்ன? ஆனா நீங்க என்கிட்ட கேட்டது இருக்குல்லா, அது நல்லாருக்கு. நம்மட்ட யாரு எதக் கேட்டா?” என்றார்.

உன் “நீ”தான் அந்தக் கட்டிலில் என்னை உட்கார வைத்தது.

பெரிய டாக்டர் உத்தரவு போட்டுவிட்டார். இனி இந்த வார்டில் யாருக்கு இதைப் போட்டாலும் எதில் செய்தது, இதுவரை எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறோம் என்று அவரவர் பாஷையில் முதலில் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு எழுந்து போனால் தடுக்கக் கூடாது. மூன்றாவது ஆளாக ஒரு நெசவாளி வந்திருக்கிறார். கேட்டுவிட்டு, ஒரு நாள் யோசித்து, சரி என்றார்.

ஆகஸ்ட் தேர்வுக்குப் பணம் கட்டினாயா? மெஷின் மேல் போட்ட துணியை எடுத்தாயா?

முத்துக்குமாரசாமி


தென்காசி,
27-9-1964

அண்ணா,

இது ஜப்பார் சார் புதிதாக வாங்கியிருக்கும் தமிழ் மெஷின். என் வலது கைக்கு முதல் வேலை இதில் உனக்குக் கடிதம் அடிப்பதுதான் என்று வைத்திருந்தேன். ஆனால் ஹையர் தேர்வு முந்திக்கொண்டது. தேறிவிட்டேன். ஜப்பார் சார் மெஷின்களை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, “எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இந்தப் பிள்ளை செத்த விரலை எழுப்பிக் கொண்டாந்து பாஸ் பண்ணிருக்கு. நீங்க உசுரோட இருக்க விரல வச்சுட்டு ஃபெயிலாவுறீங்க” என்று திட்டினார். வாழ்க்கையில் இவ்வளவு அழகான திட்டு நான் கேட்டதில்லை.

சர்க்கார் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறேன். அப்பா கையெழுத்துப் போட்டார். முழு மனதோடு அல்ல. ஆனால் முதலில் என்னிடம் கேட்டார்: “போகணும்னு இருக்கா?” இருக்கு என்றேன். போட்டார்.

சாரல் சமயத்தில் குற்றாலத்துக்குப் போனோம். பரிகாரத்துக்கு அல்ல, குளிக்க. அருவிக்குக் கீழே கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற பெண்கள் “ஏளா, நகருளா” என்று சத்தம் போட்டார்கள். நகரவில்லை. ஒவ்வொரு துளியும் தனித்தனியாக வந்து விழுந்தது. பக்கத்தில் ஆண்கள் பக்கம் வேல்சாமி. எறும்பு மணிக்கட்டுக்கு வந்துவிட்டதாம். பொட்டு வைக்கிறீர்களா என்று கேட்டேன். “மீசை வச்சவன் சாந்துப்பொட்டு வைக்கதா? கரிக்கோடு போடுதேன்” என்றார்.

மெஷினுக்குக் கூண்டு வந்துவிட்டது. வாசல்வரை வந்து கேட்டவன் பேச்சுக்கு வரவில்லை, மகள் கைக்கு வந்தது. அதில் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. நல்லக்கண்ணுவின் விரல் அப்படியேதான் இருக்கிறது, அதிலும் தீரவில்லை. தீராமலே வேலைக்குப் போவேன்.

அப்பா நேற்று சுவரைப் பார்த்துப் பேசினார். சுவருக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். “தீபாவளிக்கு அந்தப் பயலுக்கு லீவு கிடைக்குமான்னு கேளு. கம்பெனியில எல்லார் கையையும் ஒருதரம் பார்த்துட்டுப் போகட்டும்.” உன்னைக் கூப்பிடுகிறார். வா. அதற்கு அவர் காரணம் தேடியிருக்கிறார், அது நல்ல காரணம்.

இந்த மெஷினில் சுட்டுவிரலுக்கு த, நடுவிரலுக்கு ம. கண்ணை மூடிக்கொண்டுதான் இதை அடித்து முடிக்கிறேன். எங்கேயாவது பிழை இருந்தால் அது என் பிழை. நரம்பின் பிழை அல்ல.

குழல்வாய்மொழி